இடது இருக்கையிலிருந்து தெரியும் முள்

டீச்சரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. கற்றுக்கொள்கிறவரின் கண் ரோட்டில் இருக்கவேண்டும், பக்கத்தில் திரும்பினால் திட்டு விழும். ஆகையால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரல்தான். "கிளட்ச்சை மெதுவா விடு." "கண்ணாடியைப் பாரு." "உன்னை யாரு துரத்துறாங்க இப்ப?" லைசென்ஸ் வாங்கிய பிறகு அதே ஆள் காய்கறிக் கடையில் அவர் முழங்கையை இடித்துக்கொண்டு நின்று தக்காளி பொறுக்குவார். ஒரு சிரிப்புகூட இருக்காது.

குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. டீச்சருக்கும் அவர்களை ஒரு பக்கமாகத்தான் தெரியும். இடது கன்னம், இடது காது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இடது கை. எதிரே நேராக வருகிறவரை அவருக்கும் அடையாளம் பிடிபடாது. ஆள் கடந்துபோய்த் திரும்பும்போதுதான், அட, இவன் மேட்டுல வண்டிய நிறுத்திட்டு அழுதவனாச்சே என்று நினைவு வரும். அதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான்.

டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் இருந்த மூன்று கார்களில் பழையது அவருடையது. அவருடையது என்றால், அவர் அதில் இடது இருக்கையில் உட்காருவார், அவ்வளவுதான். கால் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. காலையில் வீட்டிலிருந்து நடந்து வருவார். வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். கணவர் இருந்தவரை அவரிடம் ஒரு கார் இருந்தது, அதையும் கணவர்தான் ஓட்டுவார். டீச்சர் அங்கேயும் இடது இருக்கைதான். "ஊரெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவ, வீட்டு வண்டியத் தொடமாட்டா" என்று அவர் கிண்டல் செய்வாராம். அவர் போன பிறகு காரை விற்றாயிற்று. பிள்ளைகள் இல்லை. வாரக் கடைசியில் தம்பி போன் செய்வான்.

அவரை மிகச் சிறந்த ஆசிரியர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பொறுமை குறைவு. ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் சொல்வார். பயந்தவர்களுக்கு ஒரு மாதிரியும் துணிந்தவர்களுக்கு ஒரு மாதிரியும் சொல்லவேண்டும் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் விட்டுக்கொடுத்தல் கிடையாது. ஊருக்குள் வேக வரம்பு ஐம்பது. ஐம்பது என்றால் ஐம்பது.

ஊரில் இதற்கு வேறு வியாக்கியானம் இருந்தது. ஐம்பது என்று போர்டு வைத்தால் அறுபது வரை விடுவான் என்பது டீக்கடை ஞானம். போலீஸ்காரர் கையில் வேகம் அளக்கும் கருவியோடு மரத்தடியில் நின்ற காலத்தில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். வெயில் ஏறினால் அவரும் நிழலுக்குப் போய்விடுவார். பிறகு மரத்தை வெட்டிவிட்டுக் கம்பம் நட்டார்கள். கம்பத்தின் தலையில் கேமரா. "முன்னெல்லாம் கெஞ்சிக் கூத்தாடித் தப்பிக்கலாம். கம்பத்துக்கிட்ட என்னன்னு கெஞ்சுறது?" என்று டிரைவிங் ஸ்கூல் ஓனர் அடிக்கடி அலுத்துக்கொள்வார். டீச்சருக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தது. அது யாருக்கும் மாமன் மச்சான் இல்லை.

வேக வரம்பு விசித்திரமான சட்டம். நடு ரோட்டில் போட்ட கோடு கண்ணுக்குத் தெரியும், சிவப்பு விளக்கு தெரியும். ஐம்பது என்பது ரோட்டில் எங்கேயும் இல்லை. வண்டிக்குள் ஒரு முள் இருக்கிறது, அந்த முள் சொல்வதை நம்பவேண்டியிருக்கிறது. மனிதன் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு கீழ்ப்படிய வேண்டிய சட்டங்களில் இது ஒன்று. அப்படிப்பட்டவற்றைத்தான் நாம் அதிகம் மீறுகிறோம்.

அன்று காலை ஓனர் அவரை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு காரின் பின்பக்கம், நம்பர் பிளேட், கூரையில் எல் போர்டு.

"டீச்சரம்மா, உங்க வண்டிதான். அம்பத்தேழுல போயிருக்கு."

"எந்தப் புள்ள ஓட்டுச்சு?"

"அதத்தான் உங்ககிட்டக் கேக்குறேன்."

டீச்சர் தேதியைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். எந்த ரோடு என்று பார்த்தார். அது ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம், மெக்கானிக் ஷெட் இருக்கும் ரோடு. அந்த வாரம்தான் இடது பக்கத்துப் பிரேக் இறுகிப்போய் வண்டியை ஷெட்டில் விட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் கொண்டுவந்து தருகிற ஆள் அன்று வரவில்லை. "ஒரு நடை போய் எடுத்துட்டு வந்துடுங்க" என்று ஓனர்தான் அனுப்பினார்.

"நான்தான்," என்றார் டீச்சர்.

ஓனர் சிரித்தார். பிறகு டீச்சர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "யாருமே நம்பமாட்டாங்க. வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கே."

அபராதம் பெரிய விஷயமில்லை. அதை ஸ்கூல் கட்டிவிடும். விதியில் இன்னொன்று இருந்தது. சாதாரண ஓட்டுநர் வேகமாகப் போனால் அபராதத்தோடு போகும். கற்றுக்கொடுக்கிறவர் போனால் பயிற்சி அனுமதியை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைப்பார்கள்.

ஓனர் கதவைச் சாத்தினார். "படத்துல வண்டியோட முதுகுதான் விழுந்திருக்கு. உள்ள யாரு எங்க உக்காந்திருந்தாங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும். மேல எல் போர்டு இருக்கு. பழகுற ஆள் ஓட்டினாங்கன்னு எழுதிட்டா ஸ்கூலுக்கு ஒரு எச்சரிக்கை வரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல என்ன யோசனை? ஆறு மாசம் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க?"

அவர் கேட்டது சாதாரணமாகத்தான். டீச்சருக்கு அது சாதாரணக் கேள்வியாக இல்லை. மாடியில் அந்த இரண்டு அறைகள். கீழே கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் கண்ணாடி அறுக்கும் சத்தம், மாலையில் ஷட்டர் இறங்கும் சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நாளில் அவர் பேசுகிற அத்தனை பேச்சும் அந்தக் காருக்குள்தான் நடந்தது. ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறுவார். ஏறியவர்கள் பயத்தில் எதையாவது சொல்வார்கள். மாமியார் சண்டை, மூட்டு வலி, மகன் படிக்கவில்லை. கண்ணைப் பார்க்காமல் பேசும்போது மனிதர்கள் நிறையப் பேசிவிடுகிறார்கள். டீச்சர் "ம், கண்ணாடியைப் பாருங்க" என்பார். அதுவும் பேச்சுதான்.

அவரை அதைவிடக் குடைந்தது வேறு. எப்படி ஐம்பத்தேழு? அவர் அன்று முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். நன்றாக ஞாபகம் இருந்தது. முள் ஐம்பதைத் தாண்டவில்லை. கேமராவில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார். அப்படி நினைக்காதவர்கள் யாரும் கிடையாது.

அடுத்த வகுப்பு மருந்துக்கடைக்காரருடையது. டீச்சர் வயதுதான் இருக்கும். மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் திரும்பி வந்தவர். வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, பரிசோதகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் கைகால் ஓடாது. "உங்களப் பாத்தா பயமில்ல டீச்சர், அந்தாளோட பேனாவப் பாத்தாத்தான்" என்பார்.

பாலத்தைத் தாண்டியதும் டீச்சர் சொன்னார், "ஐம்பதுல பிடிங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"பிடிச்சாச்சு."

"முள் எங்க இருக்கு?"

"ஐம்பதுல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

டீச்சர் இடது இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். முள் அறுபதின் மேல் நின்றது.

அவருக்கு இது புதிதில்லை. பழைய வண்டி, முள்ளுக்கும் எண்களுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். இடது பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் எப்போதும் வலது பக்கம் தள்ளித்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை வீணாகத் திட்டிவிட்டு இதைத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு பத்தைக் கழித்துப் படிக்கப் பழகினார். அறுபது என்று தெரிந்தால் ஐம்பது. ஐம்பது என்று தெரிந்தால் நாற்பது. கொஞ்ச நாளில் கழிப்பதும் மறந்துபோனது, அறுபதைப் பார்த்தாலே ஐம்பது என்று மனதில் விழுந்தது. ஷெட்டிலிருந்து வந்த அன்று எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வலது இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். முள் நேராகத் தெரிந்திருக்கிறது. அவர் அதையும் பழக்கத்தில் பத்தைக் கழித்து, இடது இருக்கையில் இருப்பவராகவே படித்திருக்கிறார்.

"ஓரமா நிறுத்துங்க," என்றார்.

"ஏன் டீச்சர், தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்க இல்ல."

யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மருந்துக்கடைக்காரர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்திய வண்டியிலும் தலையைத் திருப்பாத அளவுக்கு அவருக்குப் பயிற்சி ஏறியிருந்தது.

"அப்ப இது வேகமே இல்ல டீச்சர். தொழில் வியாதி. எங்கப்பா மருந்துக்கடையில இருந்தவரு, எங்க சாப்பிட உக்காந்தாலும் உப்பு டப்பாவோட காலாவதித் தேதியப் பாத்துட்டுத்தான் தொடுவாரு." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் ஓட்டினேன்னு எழுதிடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு என்ன ஆகும்? தேர்வத் தள்ளிப் போடுவாங்க. போடட்டும். நான் என்ன ஏரோப்ளேனா ஓட்டப் போறேன்? இன்னும் நாலு மாசம் உங்ககிட்ட வந்துட்டுப் போறேன்."

இன்னும் நாலு மாசம் என்றபோது அவர் குரலில் நஷ்டம் தெரியவில்லை என்பதை மட்டும் டீச்சர் கவனித்தார். அதைப் பற்றி மேலே நினைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. "இண்டிகேட்டர் போட்டு எடுங்க," என்றார்.

வாரக் கடைசியில் தம்பி போன் செய்தான். விஷயத்தைச் சொன்னதும் வெடித்துச் சிரித்தான். "இரு, இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். ஏய் எல்லாரும் இங்க வாங்க, அத்தை ரேஸ் ஓட்டி மாட்டிக்கிட்டா." அந்தப் பக்கம் ஒரு வீடே சிரித்தது. தம்பி மனைவி, "அக்கா, எங்கள அம்பதுல போகச் சொல்லிட்டு நீங்க பறந்தீங்களா?" என்றாள். டீச்சரும் சிரித்தார். நல்ல சிரிப்பாகவே வந்தது. "ஆறு மாசம் இங்க வந்து இருக்கலாமேக்கா" என்று தம்பி சொன்னான். "பாக்கலாம்டா" என்றார். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். சரிக்கா என்று வைத்துவிட்டான்.

யார் ஓட்டியது என்று நேரில் போயும் சொல்லலாம் என்று கடிதத்தில் இருந்தது. டீச்சர் பஸ்ஸில் போனார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பழகுறவர் ஒருத்தர் ஓட்டினாரு, நான் பக்கத்துல இருந்தேன். பொய்யாகவே தோன்றவில்லை. அவர் வாழ்நாளில் பெரும்பகுதி அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

வேகக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்பது ஒரு அறை. மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், ஜன்னலே இல்லாத சுவரில் ஒரு ஜன்னல் திரை. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். டீச்சர் கடிதத்தைக் கொடுத்தார். அதிகாரி முப்பதுகளில் இருப்பார், தெரியாத முகம். அலமாரியில் எதையோ எடுக்க அவர் திரும்பியபோது இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் தெரிந்தது. ரவுண்டானாவில் எப்போதும் வழி விடாமல் நுழைகிறவன்.

"வண்டிய யாரு ஓட்டினதுன்னு சொல்ல வந்திருக்கேன்," என்றார் டீச்சர்.

அதிகாரியின் முதுகு நிமிர்ந்தது. மேசைக்கு அடியில் அவர் வலது கால் பிரேக்கைத் தேடியது போல நகர்ந்தது. "டீச்சரா?"

"ஆமா."

"முகம் தெரியல டீச்சர். குரல் கேட்டதும் வேர்த்துப்போச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் திரையை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். "கேமரா அம்பத்தேழுன்னு சொல்லுது. நாங்க அதுல மூணு கழிச்சிடுவோம். கருவிக்கும் தப்பு வரலாமில்ல. கழிச்சாலும் அம்பத்திநாலு நிக்குது."

"மூணு கழிப்பீங்களா?"

"எப்பவும்."

"அப்ப அம்பத்திரண்டுல போனா?"

"அபராதச் சீட்டே வராது."

"இது யாருக்கும் தெரியாதே."

"தெரிஞ்சா அம்பத்திமூணுதான் லிமிட்டுன்னு ஓட்டுவாங்க. அப்புறம் அதுக்கும் மேல மூணு கேப்பாங்க."

டீச்சருக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஈவிரக்கமே இல்லாதது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த கம்பமும் தனக்குள் ஒரு இரக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. ஒளித்து வைத்திருக்கும்வரைதான் அது இரக்கம். அது மூன்றைக் கழிக்கிறது, அவர் பத்தைக் கழித்தார். கழித்துப் பார்ப்பதில் யாருக்கும் யாரும் இளைத்தவரில்லை. ஆனால் அது தன் கழித்தலை எழுதி வைத்திருக்கிறது, அவர் மறந்துபோனார். முள்ளைப் பற்றி அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி கவனமாகக் கேட்டார்.

"புரியுது டீச்சர். ஆனா அத எழுத இதுல இடமில்ல. நான் எழுத வேண்டியது ஒண்ணுதான், ஓட்டினது யாரு." குரலைத் தாழ்த்தினார். "மேல எல் போர்டு இருக்கு. நீங்க எப்பவும் உக்காருற இடம் எனக்குத் தெரியும். நான் கேக்குறது இதுதான். அன்னிக்குப் பக்கத்துல ஆள் இருந்தாங்களா?"

கேள்வியை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வசதியாக வைத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். டீச்சர் வாயைத் திறந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதில் உட்காரவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மருந்துக்கடைக்காரரை உட்காரவைத்துப் பார்த்தார். அவர் அன்று கடையில் இருந்தார். தம்பியை, கணவரைக்கூட நினைத்துப் பார்த்தார். காலியான அந்த இடது இருக்கையைத்தான் அன்று வழியெல்லாம் பார்க்காமலே வந்தார் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

"பக்கத்துல யாரும் இல்ல," என்றார்.

எத்தனையோ வருடமாக அவரைப் பற்றி உண்மையாக இருந்த ஒன்று அது. அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார், அவர் மாற்றிச் சொல்லக்கூடும் என்பதுபோல. பிறகு தட்டச்சு செய்தார். "யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர்."

"எனக்குச் சறுக்கல. முள்ளுக்கு நேரா உக்காந்துதான் போனேன். அதான் சங்கடம்." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். கதவருகே நின்று கேட்டார், "பின் சீட்டுல உக்காரலாமா? வகுப்பு நடக்கும்போது?"

அதிகாரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "பின் சீட்டுல உக்காருறதுக்கு அனுமதி எதுவும் வேணாம். யாரு வேணா உக்காரலாம்."

டீச்சரின் வகுப்புகளை ஆறு மாதத்துக்குச் சுருட்டைக்குக் கொடுத்தார்கள். தலைமுடியால் வந்த பெயர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நல்ல பையன், பாட்டுப் போட்டுக்கொண்டு கற்றுக்கொடுப்பான். டீச்சர் கேட்டதும், "வாங்கக்கா, உங்க வண்டிதானே" என்று பின்கதவைத் திறந்துவிட்டான். மருந்துக்கடைக்காரர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே வணக்கம் சொன்னார்.

பின் இருக்கையில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. இரண்டு பிடரிகள் தெரிந்தன. முள் தெரியவில்லை. பாட்டுச் சத்தத்தில் முன்னால் பேசுவது பாதிதான் கேட்டது. சுருட்டை ஏதோ சொன்னான், மருந்துக்கடைக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். மேட்டில் நிறுத்தி எடுத்தார். வண்டி பின்னால் உருளவில்லை. ரவுண்டானாவில் தானாகவே வழி விட்டார். "சூப்பர் சார். அடுத்த தடவ அந்தப் பேனாக்காரர் உங்ககிட்ட ஆட்டோகிராஃப் வாங்கணும்" என்றான் சுருட்டை. டீச்சர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. கிளட்ச்சை மருந்துக்கடைக்காரர் சற்று சீக்கிரம் விடுகிறார் என்பதையும் கவனித்தார். அதைச் சொல்ல நினைத்து முன்னால் சாய்ந்தார். ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால் ஓட்டுகிறவருக்குக் கைகால் ஓடாது. அது அவருக்குத் தெரியும். மறுபடி பின்னால் சாய்ந்துகொண்டார்.

"இங்க இறக்கிவிட்டுடு தம்பி. கொஞ்சம் வேலை இருக்கு."

"இங்கயா? வீடு இன்னும் தூரமாச்சேக்கா."

"நடந்துக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் ஒழுங்காக ஓரம் கட்டினார். டீச்சர் இறங்கியதும், "நாளைக்கு வருவீங்கல்ல டீச்சர்?" என்று கேட்டார். அப்போதும் கண் ரோட்டில்தான் இருந்தது. டீச்சர் கதவைச் சாத்தினார், ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கார் மெதுவாகக் கிளம்பி, சரியான வேகத்தில், சரியான ஓரத்தில் போனது. வலது இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டார்கள். அது மின்னிக்கொண்டே தெருவின் நீளத்துக்கும் போனது. டீச்சர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அது பாலத்தில் ஏறிவிட்டது.